முழுக்கோதுமை கேக்: ஊறும் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேக் செய்முறைகளின் இறுதியில், ‘மைதாவுக்குப் பதிலாக அதே அளவு முழுக்கோதுமை மாவும் சேர்க்கலாம்’ என்ற ஒரு வரி பெரும்பாலும் இடம்பெற்றுவிடுகிறது. நல்ல நோக்கத்துடன் எழுதப்படும் வரிதான். ஆனால், அதை அப்படியே பின்பற்றுபவர்களுக்கு, வறண்டுபோய், வெட்டும்போது உதிர்கிற கேக்கே கிடைக்கிறது. கோதுமையே கேக்குக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி அவர்கள் மைதாவுக்குத் திரும்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முழுக்கோதுமை மாவில் தவிடும் முளையும் சேர்ந்தே இருப்பதால், 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து கிடைக்கிறது; மைதாவில் அது 3 கிராமுக்கும் குறைவு. நமக்கு நன்மை தரும் அதே தவிடுதான் கூடுதலாக நீரை உறிஞ்சுகிறது, அதுவும் மெதுவாக உறிஞ்சுகிறது. ஆகவே, மாவைத் தயிர், முட்டை, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுடன் கலந்து 20 முதல் 30 நிமிடம் மூடி வைத்துவிட்டு, ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்பு மட்டுமே பேக்கிங் பவுடரையோ சமையல் சோடாவையோ சேர்க்க வேண்டும். சோடாவை முதலிலேயே சேர்த்தால், தயிரின் புளிப்போடு வினைபுரிந்து உண்டாகும் வாயு, மாவு ஊறி முடிப்பதற்குள் வெளியேறிவிடும். முளையில் எண்ணெய் இருப்பதால் இந்த மாவு விரைவில் சிக்கு வாடை பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கோதுமை கேக் கசக்கிறது என்போர் பலர் குறைகூற வேண்டியது தானியத்தை அல்ல, பழைய மாவை.

பருவத்துக்குரிய புதிய பழங்களைச் சேர்க்கும்போது அவற்றின் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆப்பிளில் சுமார் 85 சதவீதமும் ஸ்ட்ராபெர்ரியில் 90 சதவீதத்துக்கு மேலும் நீரே இருக்கிறது. 200 கிராம் மாவுக்கு அதே எடை பழம் போதும். அதற்கு மேல் போனால் நடுப்பகுதி வேகாமல் களிபோல் நின்றுவிடும். சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரத்தை ஒற்றியெடுத்து, கெட்டியான கலவையில் கடைசியாகச் சேர்த்தால் அவை அடியில் தங்குவது குறையும். கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பவர்கள் தயிரைக் குறைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரையைப் பற்றியும் நேர்மையாக எழுதுவது அவசியம். தேன் சேர்த்த கேக்கைச் ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதுவது சரியல்ல. முழுப் பழத்திலுள்ள இனிப்பைத் தவிர்த்து, தேனையும் பழச்சாற்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழ், இயன்றால் 25 கிராமுக்குக் கீழ் என்பது அதன் பரிந்துரை. 100 கிராம் சர்க்கரை சேர்த்த கேக்கை எட்டுத் துண்டுகளாக்கினால், ஒரு துண்டிலேயே 12.5 கிராம் வந்துவிடுகிறது. நன்கு கனிந்த பழம் இருக்கும்போது இன்னும் குறைக்க முடியும்.

எனவே, தங்கள் நாளிதழில் இனி வெளியாகும் கோதுமை கேக் செய்முறைகளிலாவது, மாவையும் பழத்தையும் ‘கப்’ கணக்கில் அல்லாமல் கிராமில் குறிப்பிட்டு, மாவு ஊற வேண்டிய நேரத்தையும் ஒரு துண்டுக்கான சர்க்கரை அளவையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி