நந்தவனத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருவொற்றியூரில் உள்ள நம் அம்மன் கோயில் நந்தவனத் திருப்பணி உங்கள் உபயத்தால் நல்லபடியாக நிறைவடைந்தது. மதில் பூச்சு, குழாய், விளக்கு வேலைகள் முடிந்தன. வரவு செலவுக் கணக்கை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மண்ணைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பின்பிரகாரம் முழுக்க பேவர் பிளாக் போடலாம் என்று பலர் கேட்டீர்கள். நடைபாதைக்கு மட்டும் கல் பாவி, மற்ற இடத்தைத் திறந்த மண்ணாகவே விட்டோம். அரசமரத்தை வெட்டாமல், மதிலை வேருக்கு விலக்கிக் கட்டினோம். செலவு கூடியது, வேலையும் இழுத்தது. ஆனாலும் அதுதான் சரி.

பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவை மரம் காற்றிலிருந்து இழுத்துக் கட்டையாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கிறது. வெட்டி எரித்தால் அது திரும்பக் காற்றுக்கே போகும். சருகும் செத்த வேரும் மட்கும்போது அந்த வாயுவிலிருந்து வந்த கரிமத்தில் (கார்பன்) ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. உலகத்தில் மேல் ஒரு மீட்டர் மண்ணுக்குள் இருக்கும் கரிமம் காற்றில் இருப்பதைவிட அதிகம். நம் கடலோர மணலில் களிமண் குறைவு, கரிமத்தை அவ்வளவாகப் பிடித்து வைக்காது. அதனால் இடிபாடுகளை அள்ளிவிட்டு, வண்டலும் மக்கிய எருவும் சேர்த்து, மகிழமும் புன்னையும் நட்டு, சருகால் மூடாக்கு போட்டிருக்கிறோம். அம்மனுக்குச் சாத்திக் களைந்த மாலைகள் இதுவரை குப்பை லாரியில் ஏறின. குப்பை மேட்டில் காற்றுப் படாமல் புதையும் பூவிலிருந்து, அதுபோலவே பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும். இனி அவை நம் உரக்குழிக்கே போகும்.

நம் தோட்டம் சின்னதுதான். இந்தப் பக்கத்தின் பெரிய கரிமக் கிடங்கு எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்திக் காட்டின் (உப்புநீரில் வளரும் மாங்குரோவ் மரங்கள்) சேறு. உப்புத் தண்ணீரில் ஊறி, காற்றுப் புகாத அந்தச் சேற்றில் இலை மட்குவது மிக மெதுவாக நடக்கும். கலைக்காமல் விட்டால் நூற்றாண்டுக் கணக்கில் கரிமம் அங்கேயே கிடக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்த மரங்களின் மேல் கருப்பாகப் படிந்ததைப் பார்த்தபோது மனது பதறியது. புதிதாக நடுவது நல்லதுதான், அதற்கு முன்னால் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். கழிமுகக் காட்டைக் காக்கக் கோரும் மனு ஒன்றை அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறோம். வந்து கையெழுத்திடுங்கள்.

மீதித் தொகை பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற முன்வருவோர் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அப்புறம், சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம், மரத்தடியிலேயே தள்ளிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு