நாலு மணிக்கே எழும்புறவளுக்கு இன்னும் எத்தனை மணிக்கு அலாரம் வைக்கச் சொல்றீங்க?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தாராவியிலிருந்து ஒரு வாசகி எழுதுறேன். கிறிஸ்தவப் பெண்களோட அன்றாட விசுவாச வாழ்க்கையைப் பத்தி போன ஞாயித்துக்கிழமை நீங்க போட்ட கட்டுரையை எங்க லைன்ல நாலஞ்சு வீட்ல மாத்தி மாத்தி படிச்சோம். எழுதினவர் நல்ல மனசோடதான் எழுதியிருக்கார், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா காலைல நாலு மணிக்கு எழும்பி ஒரு மணி நேரம் தனிமையில ஜெபிக்காத பெண்ணோட விசுவாசம் வெதுவெதுப்பா ஆயிடுச்சுன்னு ஒரு வரி போட்டிருந்தார் பாருங்க, அந்த இடத்துலதான் எங்க எல்லாருக்கும் சுருக்குன்னு இருந்துச்சு.

நாலு மணிக்கு இங்க எல்லா கோலியிலயும், அதான் ஒத்தை ரூம் வீட்லயும், லைட் எரியுதுங்க. அப்பதான் எங்க பக்கம் தண்ணி வரும். பைப்பை டிரம்ல விட்டுட்டு ஒரு கை அது நழுவாம பிடிச்சிருக்கும், இன்னொரு கை குடத்தை நகத்தும், பின்னாடி பக்கத்து வீட்டுக்காரி அவ பைப்போட நிப்பா, பிரஷர் குறைஞ்சா சண்டை வரும். இட்லி வியாபாரம் பண்ற வீடுகள்ல அதுக்கு முன்னாடியே அடுப்பு பத்தவச்சு, தேங்கா துருவி, சட்னி அரைச்சு, விடியறதுக்குள்ள அலுமினிய குண்டான்ல அடுக்கி ஆம்பளைங்க சைக்கிள்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு கிளம்பற மாதிரி ரெடி பண்ணி குடுத்தாகணும். பத்துக்கு பத்து ரூம்ல ஆறு பேர் படுத்திருக்கோம், கக்கூஸே பொதுவுல, இதுல தனிமைக்கு எங்க போறது? இயேசுவே அதிகாலையில வனாந்தரத்துக்குப் போய் ஜெபிச்சார்னு மாற்கு 1:35 காட்டுவாங்க, இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. லூக்கா 6:12 ல ராத்திரி முழுக்க ஜெபிச்சார்னும் இருக்கே, அதை யாரும் பெண்கள் கூட்டத்துல சட்டமா போடறதில்லையே.

இன்னொண்ணு, வருஷா வருஷம் பெண்கள் பண்டிகைக்கு நீதிமொழிகள் 31 எடுத்துக்கிட்டு குணசாலியான ஸ்திரீயை வச்சு எங்களை ஒரு வாங்கு வாங்குவாங்க. அவ இருட்டோட எழும்புனது எதுக்குன்னு அந்த 15ம் வசனத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க, வீட்டாருக்கு சாப்பாடு குடுக்கறதுக்கு! அதே வசனத்துல அவளுக்கு வேலைக்காரிகள் இருந்ததும் இருக்கு, அதை பிரசங்கத்துல விட்டுருவாங்க. ஆக இருட்டோட எழும்பி அடுப்பு முன்னாடி நிக்கிறவளை வேதம் ஏற்கெனவே புகழ்ந்தாச்சு, அவளுக்கு குற்ற உணர்ச்சி ஏத்திவிடறது யாருக்கு பிரயோஜனம்?

அதுக்காக ஜெபமே வேண்டாம், பைபிளே வேண்டாம், ஞாயித்துக்கிழமை ஆராதனை போதும்னு நான் சொல்ல வரல. அப்படி எடுத்துக்காதீங்க. கொஞ்சமா இருந்தாலும் தினமும் இருக்கணும், அவ்வளவுதான் என் கட்சி. அதை எந்த நேரத்துல வைக்கணும்கறது அவவ நாளைப் பார்த்து அவவ முடிவு பண்ணிக்கட்டும். நான் வேலைக்கு மாஹிம்ல லோக்கல் ட்ரெயின் ஏறி அந்தேரி போறவ. லேடீஸ் டப்பால ஒருத்தி மடியில துண்டை விரிச்சு பீன்ஸ் நறுக்குவா, ஒரு கூட்டம் தாளம் தட்டி பஜனை பாடும், எங்க ஓரத்துல ரெண்டு மூணு பேர் சங்கீதம் 119 படிப்போம். அது 176 வசனம், பைபிள்லயே பெரிய அதிகாரம், பார்த்தாலே மலைப்பா இருக்கும், ஆனா எட்டெட்டு வசனமா 22 பகுதியா பிரிச்சிருக்கு, ஒரு பகுதி முடிக்க ரெண்டு ஸ்டேஷன் போதும். கூட்டத்துல கைய தூக்கவே முடியாத அன்னைக்கு சங்கீதம் 117, ரெண்டே வசனம், மனப்பாடமா சொல்லிடலாம். நீதிமொழிகள்ல மொத்தம் 31 அதிகாரம் இருக்கறதால இன்னைக்கு தேதி என்னவோ அந்த அதிகாரம்னு வச்சுக்கலாம், நேத்து விட்டுப்போச்சேன்னு பின்னாடி போய் படிச்சு மூச்சு முட்டவே வேண்டாம், இன்னைக்கு தேதியில சேர்ந்துக்கோங்க.

ஜெபமும் அப்படித்தான். சத்தம் போட்டு, ஆவியில நிறைஞ்சு பேசற அந்நிய பாஷையில, முழங்கால் போட்டு பண்ணாதான் ஜெபம்னு சில பேர் நினைக்கறாங்க. பிள்ளை இல்லாத அன்னாள் அழுதுக்கிட்டு தேவாலயத்துல நின்னப்போ உதடு மட்டும்தான் அசைஞ்சுச்சு, சத்தம் வெளிய வரல, ஆசாரியன் ஏலி இவ குடிச்சிருக்கான்னு நினைச்சுட்டார், ஆனா கேட்க வேண்டியவர் கேட்டார். நெகேமியா இன்னும் ஒரு படி மேல, அவர் ராஜாவுக்கு திராட்சரசம் ஊத்திக் குடுக்கற வேலையில இருந்தவர், ராஜா உனக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கும் இவர் வாயைத் திறந்து பதில் சொன்னதுக்கும் நடுவுல ஜெபம் பண்ணியிருக்கார், ரெண்டாம் அதிகாரத்துல இருக்கு. பிகேசில, அதான் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல, ஒரு ஆபீஸ்ல மாப் போடற எங்க சபை அக்கா ஒருத்தங்க சூப்பர்வைசர் கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் பண்றாங்களாம். "ஒரு ஃப்ளோர் துடைக்க ஒரு ஆள் பேரைச் சொல்லி ஜெபிப்பேன், லிஃப்ட் வர்ற நேரம் எனக்கு" அப்படின்னாங்க. இவங்க எப்படிங்க வெதுவெதுப்பு?

எனக்கு உண்மையில கவலை வேற இடத்துல இருக்கு. காலையில போனைத் திறந்தா வாட்ஸ்அப்ல பூ படம் போட்ட வாக்குத்தத்தம் இருபது வந்து நிக்குது, அதை அப்படியே இன்னும் இருபது பேருக்கு தள்ளிவிட்டுட்டு இன்னைக்கு தியானம் முடிஞ்சுதுன்னு இருந்துடறோம். புது வருஷத்துக்கு, உங்களுக்கு நல்ல முடிவைத் தருவேன்னு சொல்ற எரேமியா 29:11 கார்டு கிடைச்சா எவ்வளவு சந்தோஷம்! அதுக்கு முந்தின வசனத்தைப் படிச்சீங்களா, 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அது பாபிலோனுக்கு பிடிச்சிட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின லெட்டர், வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, அது நல்லா இருந்தாதான் நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு அஞ்சாம் வசனத்துலருந்து வரிசையா சொல்லிட்டுதான் 11க்கு வர்றார். திருநெல்வேலி பக்கத்துலருந்து பிழைக்க வந்து ரெண்டு மூணு தலைமுறையா இந்த ஊர்லயே கிடக்கற நமக்கு இதைவிட பொருத்தமா ஒரு அதிகாரம் உண்டா? கார்டுல இருக்கற ஒரு வரியோட நின்னா இது தெரியவே தெரியாது.

தினமும் கொஞ்சம்னா என்னன்னு பார்க்க நாம ரொம்ப தூரம் போக வேண்டாம். சமஸ்கிருதம் படிச்சு பின்னாடி கிறிஸ்தவளான பண்டித ரமாபாய் 1889 ல இதே பம்பாய்லதான் விதவைப் பெண்களுக்காக சாரதா சதன்கற இல்லத்தை ஆரம்பிச்சாங்க, பின்னாடி புனே பக்கம் கேட்காவ்ல முக்தி மிஷன்கற பெண்கள் இல்லம். அத்தனை பெண்களுக்கு சோறு, படிப்பு, தொழில்னு பார்த்துக்கிட்டே, படிக்காத பொம்பளைக்கும் புரியற மராத்தியில பைபிளை மூல பாஷையிலருந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அந்த வேலை. 1921 ல ஒரே மகள் மனோரமா இறந்தாச்சு, காதும் சரியா கேக்கல, அப்பவும் விடல. 1922 ஏப்ரல்ல அவங்க கண்ணை மூடறப்போ மொழிபெயர்ப்பு முடிஞ்சிருந்துச்சு, அச்சு வேலையை அங்கிருந்த பெண்களே பார்த்தாங்க. அவ்வளவு பெரிய புஸ்தகம் ஒரு நாள் பரவசத்துல வந்ததில்ல.

பிள்ளைங்க விஷயமும் சொல்லணும். நம்ம பிள்ளைங்க இந்தி, இங்கிலீஷ்ல பொளந்து கட்டுது, சபை ஸ்க்ரீன்ல தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்துல போட்டாதான் பாடுது. ராத்திரி சாப்பாடு ஆனதும் டிவியை அமத்திட்டு அம்மா ஒரு அதிகாரம் சத்தமா தமிழ்ல வாசிச்சா போதும், பிள்ளைங்க காதுல விழட்டும், புரியலன்னா கேக்கட்டும். தீமோத்தேயுவோட விசுவாசத்துக்கு பவுல் காட்டறது அவன் பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான். புருஷன் குடிச்சிட்டு வந்து புஸ்தகத்தைப் பிடுங்கற வீடும் இருக்கு, அங்க இதெல்லாம் லேசா நடக்காது, அந்த சகோதரிகளுக்கு புத்தி சொல்றதைவிட வீட்டுக்குப் போய் கூட உட்காருங்க.

சபை நிர்வாகிகளுக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வார்த்தை. பெண்கள் ஐக்கிய சங்கம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குன்னு எங்க அம்மா காலத்துல வச்சது, அப்ப பாதிப்பேர் வீட்ல இருந்தாங்க. இப்ப அந்த நேரத்துக்கு யார் வர முடியும்? வராதவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு ரிப்போர்ட் வாசிக்கறதுக்குப் பதிலா ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் முக்கால் மணி நேரம் வைங்க, பிள்ளைங்களை அந்த நேரம் ஆம்பளைங்க பார்த்துக்கட்டும்.

அந்தக் கட்டுரையாளர் தொடர்ந்து எழுதறதா போட்டிருந்தீங்க. நைட் டூட்டி முடிச்சு காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்ற நர்ஸும், ராத்திரி நாலு தடவை எழும்பி பால் குடுக்கறவளும் எப்ப, எப்படி தியானம் பண்ணலாம்னு அடுத்த வாரம் எழுதச் சொல்லுங்க, முடிஞ்சா அவங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை