ஹைபிரிட் நெல்லும் எங்கள் ஊர் மங்குஸ்தானும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த ஹைபிரிட் நெல்லில் வீட்டு விதை எடுத்து வைக்கக் கூடாது, வருஷா வருஷம் புது விதைதான் வாங்க வேண்டும், அது இயற்கையின் விதி என்று உங்கள் விவசாயப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எடுத்து வைத்தால் விளங்காது என்பது உண்மை. முதல் வருஷம் ஒரே சீராக நின்ற பயிர் மறு வருஷம் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. கதிர் ஒரே சமயத்தில் முற்றாது. ஆனால் இதை இயற்கையின் விதி என்று சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. கலப்பில்லாமல் தாயின் அச்சாகவே விதை விடுகிற செடிகளும் உண்டு.

நான் பர்மாவில், மோன் மாநிலத்து முடோனில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கொஞ்சம் நெல் வயலும் உண்டு. எங்கள் பக்கம் மங்குஸ்தானுக்குப் பேர் போனது. அந்த மரத்தின் பூவில் மகரந்தம் தாங்குகிற கேசரம் இருக்கும், வேலை செய்கிற மகரந்தம் இருக்காது. இருந்தும் காய்க்கிறது, சுளைக்குள் விதையும் பிடிக்கிறது. அந்த விதைக்குள் இருக்கும் கரு முழுக்கத் தாய் மரத்தின் திசுவிலிருந்தே வந்தது. விதை போட்டால் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. அதனால் மங்குஸ்தான் கன்றுக்கு நான் ஒட்டுக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. பெரிய சுளையாகப் பார்த்து விதையை எடுத்து, சதை போகக் கழுவி, ஈரம் காய்வதற்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். காய்ப்பதற்குப் பத்து வருஷம் பொறுக்க வேண்டும் என்பது வேறு கதை.

பம்பளிமாஸ் இதற்கு நேர்மாறு. விதைக்கு ஒரு முளை, அதுவும் கலப்பில் பிறந்தது. கொட்டை போட்டு வளர்த்த மரத்தில் பழம் இனிக்குமா கசக்குமா என்று சொல்ல முடியாது. அதற்குப் பதியன்தான். எலுமிச்சையும் ஆரஞ்சும் மங்குஸ்தானுக்கும் பம்பளிமாஸுக்கும் நடுவில். எலுமிச்சை விதையின் தோலை நகத்தால் உரித்துப் பாருங்கள். ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, அளவு ஒவ்வாமல், இரண்டு மூன்று கரு இருக்கும். அதில் ஒன்று கலப்பில் வந்ததாக இருக்கலாம். மற்றவை தாயின் அச்சு. ஆரஞ்சு விதையில் இப்படி இருப்பதை ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் 1719-லேயே பார்த்து எழுதிவிட்டார். நாற்றங்காலில் கூட்டத்தோடு சேராமல் வேறு இலை காட்டி நிற்கும் கன்றை நான் பிடுங்கி எறிவேன். புது ரகம் உண்டாக்குகிறவர்களுக்கோ அந்தக் கன்றுதான் தங்கம். தாயின் அச்சுக் கன்றுகளுக்கு நடுவே அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர்கள் பாடு பெரும்பாடு.

விதி என்று சொன்னதால் மெண்டலையும் சொல்லிவிடுகிறேன். பட்டாணியில் பரம்பரை விதியைக் கண்டுபிடித்தவர், அடுத்து ஹைராசியம் என்ற செடியைக் கலந்து பார்த்தார். பட்டாணிக் கணக்கு அங்கே ஒத்துவரவில்லை. அந்தச் செடியும் பெரும்பாலும் கலக்காமலே விதை விடுகிற வகை என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் அபோமிக்ஸிஸ்.

நெல்லுக்கு இந்தக் குணம் இயல்பில் இல்லை. ஆனால் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மூன்று மரபணுக்களை முடக்கினால், பாதியாகப் பிரிய வேண்டிய சூல் செல் தாயின் முழுப் பங்கோடு நிற்கிறது. இன்னொரு மரபணுவை அந்தச் செல்லில் தூண்டிவிட்டால் மகரந்தம் வந்து சேராமலே அது கருவாகிறது. மணிக்குள் மாவு பிடிக்க மட்டும் மகரந்தம் இன்னும் வேண்டும். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்டபோது நூறு விதையில் முப்பதுகூடத் தாயின் அச்சாக வரவில்லை. 2022-ல் பிரான்ஸ், ஜெர்மனிக்காரர்களும் அவர்களும் சேர்ந்து ஒரு ஹைபிரிட் நெல்லிலேயே 95 சதவிகிதத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். மாட்டுத் தீவனப் புல்லில் இது சோதனைச் சாலையைத் தாண்டியே வந்துவிட்டது. பிராக்கியாரியா புல்லில் கொலம்பியாவில் உள்ள சியாட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய முலாட்டோ என்ற ஹைபிரிட் விதையிலேயே மாறாமல் வருகிறது. அந்தப் புல்லுக்கு அது பிறவிக் குணம் என்பதால் மரபணுவில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

இதனால் நெல் விவசாயிக்கு விடிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அச்சாக வரும் பயிரில் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். மங்குஸ்தானில் புது ரகம் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கலப்பு இல்லாத இடத்தில் புதுசு எங்கிருந்து வரும்?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இந்த விதை யார் கையில் இருக்கப்போகிறது என்பது. வருஷா வருஷம் விற்றுப் பழகியவர்கள் ஒரு தடவை விற்றுவிட்டுச் சும்மா இருப்பார்களா? விதை முளைக்கும், நீ எடுத்து வைக்கக் கூடாது என்று காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தப் பயம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1998-ல் இத்தாலியில் பெலாஜியோ என்ற ஊரில் கூடிய விஞ்ஞானிகளே, இந்தத் தொழில்நுட்பம் ஒரு சிலர் கைக்குள் போய்விடாமல் ஏழை விவசாயிக்கும் கிடைக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள்.

நம் நாட்டில் 2019-ல் புதுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. விவசாயி தன் வயலில் விளைந்ததை விதைக்கு எடுத்துவைப்பது பற்றி அதில் எப்படி எழுதியிருக்கிறது, எந்தப் பயிருக்குப் பொருந்தும் என்பதை உங்கள் விவசாயப் பக்கத்தில் எழுதுகிறவர் தமிழில் விளக்கினால் உபகாரமாக இருக்கும். சந்தையில் பேசுகிற பர்மிய மொழி எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சர்க்கார் சட்டத்தின் பர்மிய மொழி ஓடாது. மழைக்கு முன்னால், நாற்று விடுவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணைக்காரர், முடோன், மோன் மாநிலம்