கோட்டூவுக்குத் தடை தேவையா?

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். காவடிக்குக் கொடி ஏறிவிட்டது. பத்து நாள் சைவம்தான். டர்பனில் வீட்டில் எல்லோரும் சுகமா?

உங்கள் ஆபீசில் சி மொழி நிரல்களில் கோட்டூவே (வேறொரு வரிக்கு நேரே தாவச் சொல்லும் கட்டளை) கூடாதென்று விதி போடப்போவதாக எழுதியிருந்தாய். போடவிடாதே. பின்னோக்கித் தாவுவதை மட்டும் தடுக்கச் சொல்.

1968இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சாடியது, எந்த வழியாக எங்கே வந்தோம் என்றே தெரியாதபடி கண்டமேனிக்குத் தாவுவதை. அன்றைய ஃபோர்ட்ரான் மொழியில் இஃப்புக்கு (‘இப்படியானால்’) எல்ஸ்கூட (‘இல்லாவிட்டால்’) கிடையாது! 1974இல் இன்னொரு கணினி அறிஞர் க்னூத், கோட்டூவை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று பிரித்தே காட்டிவிட்டார். இன்னும் சண்டை ஓயவில்லை.

சி-யில் கோட்டூவுக்குள்ள உருப்படியான வேலை, பிழை வந்தால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு பகுதி) ஃபைலைத் திறந்து, பஃபருக்கு (தரவை வைக்கத் தற்காலிக இடம்) மெமரி எடுத்து, பிறகு லாக் (வேறெதுவும் அதே நேரத்தில் தொடாதபடி பூட்டு) போடுகிறது. லாக் கிடைக்காவிட்டால் பஃபரை விடுவித்து ஃபைலையும் மூட வேண்டும். பஃபரே கிடைக்காவிட்டால் ஃபைலை மூடினால் போதும். இதை ஒவ்வொரு இஃப்பிலும் எழுதினால், நாளைக்கு நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பவன் எங்காவது ஓரிடத்தில் விட்டுவிடுவான். அதைவிட, ஃபங்ஷனின் அடியில் எடுத்த வரிசைக்குத் தலைகீழாக ‘பஃபரை_விடு’, ‘ஃபைலை_மூடு’ என்று லேபிள்களை (தாவிச் சேரும் இடத்தின் பெயர்களை) வைத்து, தோற்ற இடத்திலிருந்து உரிய லேபிளுக்குத் தாவினால் மிச்சம் தானாக நடக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரல் நடை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. லேபிளுக்கு எர்1, எர்2 என்று பெயர் வைக்காதே. நடுவில் ஒன்று நுழைந்தால் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் ஒரே லேபிள் போதாதா என்பார்கள். அங்கேதான் வம்பு, எடுக்காததையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ-க்கு நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஃபைலை மூடும் எஃப்குளோஸுக்குக் கொடுத்தால் நிரல் அங்கேயே விழலாம். இன்னொன்று, தாவுமுன் பிழை எண்ணை வைக்க மறந்தால் ஃபங்ஷன் 0 தரும். அழைத்தவன் எல்லாம் சரியென்று போய்விடுவான்.

2014இல் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலில் வெளிவந்த பிழையை உன் ஆட்கள் கட்டாயம் எடுத்துக்காட்டுவார்கள். ‘கோட்டூ ஃபெயில்’ வரி இரண்டு முறை இருந்தது. பிரேஸ் (நெளிவு அடைப்புக்குறி) இல்லாததால் இரண்டாவது வரி இஃப்புக்கு வெளியே விழுந்து, எப்போதும் தாவியது. பிழை எண் 0 ஆகவே இருக்க, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காமலே வெற்றி என்று திரும்பியது. அங்கே ரிட்டர்ன் இருந்திருந்தாலும் இதே கதிதான். ஒற்றை வரி இஃப்புக்கும் பிரேஸ் கட்டாயம் என்று விதி போடட்டும், அதில் பலன் உண்டு.

சி++ மொழி என்றால், எடுத்ததைத் தானே திருப்பிக் கொடுக்கும் டிஸ்ட்ரக்டரே பார்த்துக்கொள்ளும், அங்கே கோட்டூ வேண்டாம்.

பாதுகாப்பான சி நிரலுக்கான விதித்தொகுப்பு மிஸ்ரா சி 2012இல்கூட கோட்டூவைத் தவிர்ப்பது வெறும் ஆலோசனைதான். கட்டாயம் என்றிருப்பது, அதே ஃபங்ஷனில் கீழே உள்ள லேபிளுக்குத்தான் தாவலாம் என்ற 15.2ஆம் விதி. கூட்டத்தில் அதைக் காட்டிப் பேசு. விதியின் வரைவு கைக்கு வந்ததும் அனுப்பு.

அன்புடன்,
மூர்த்தி