கல்விக் கடன் இல்லை என்றால் அதை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து செப்டம்பர் வரைக்கும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க அலையும் அப்பா அம்மாக்கள்தான். வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்று, கலந்தாய்வுப் பதிவு, அப்புறம் கல்விக் கடன் விண்ணப்பம்.

கல்விக் கடன் முகாம் நடக்கும்போதெல்லாம் எத்தனை பேருக்கு எத்தனை கோடி வழங்கப்பட்டது என்று நாளிதழ்களில் செய்தி வருகிறது. ஆணையை வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் கிடைக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர், ஏன் திரும்பினார்கள் என்பது வருவதில்லை. அந்தக் கணக்கு எங்கேயும் இல்லாததால்தான் வருவதில்லை. அவர்களுக்கு யாரும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுப்பது கிடையாது. வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஒரு தையல்கார அம்மா வந்தார். மகனுக்குக் கலந்தாய்வில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பத்தை நானே பதிவு செய்து கொடுத்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனார். “உங்க ஏரியா எங்க கிளையில வராது, அந்தக் கிளைக்குப் போங்க” என்றார்கள். அந்தக் கிளையில், “உங்க வீட்டுக்காரர் சிபில் சரியில்லையேம்மா” என்றார்கள் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்பதைக் காட்டும் மதிப்பெண்தான் சிபில்). பிறகு, “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். தளத்தில் போய்ப் பார்த்தால் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவே காட்டியது. கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியது. தாலிச் செயினை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டினார். “கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுங்கக்கா” என்று சொன்னேன். “என்னன்னு சொல்லி மனு கொடுக்குறது? கடன் இல்லைன்னு சொன்னதுக்கு என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே பாப்பா” என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

விதி அவர் பக்கம்தான் இருக்கிறது. கடன் விண்ணப்பத்தை வாங்கினால் ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதிகளில் ரிசர்வ் வங்கி 2003-லேயே சொல்லியிருக்கிறது. மறுத்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது முதலில் சிறு கடன்களுக்கு மட்டும் இருந்தது. 2007-ல் எல்லா வகைக் கடனுக்கும் அதை விரிவாக்கினார்கள். வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம், கல்விக் கடனை மறுப்பதாக இருந்தால் அடுத்த மேல்நிலை அதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும் என்கிறது. கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தானாக முடிவெடுத்து அனுப்பிவிட முடியாது. ‘உங்கள் வீடு எங்கள் சேவைப் பகுதியில் இல்லை’ என்று கல்விக் கடனை மறுக்கக் கூடாது என 2012-ல் ரிசர்வ் வங்கி தனியாகவே சுற்றறிக்கை அனுப்பியது. அந்த அம்மாவுக்கு முதல் கிளையில் சொன்ன காரணம் அன்றே செல்லாத காரணம். எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் அப்படி எழுதியிருப்பார்களா? மாட்டார்கள். வாயால் சொல்கிற காரணத்துக்குத்தான் அந்தத் துணிச்சல் வருகிறது.

சிபில் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சிபில் கெட்டுப்போகாத வீடு குறைவு. அதற்கு ஊதாரித்தனம் காரணம் இல்லை. டூவீலர் தவணை மழைக்காலத்தில் இரண்டு மாதம் நின்றிருக்கும். மகளிர் குழுக் கடனில் குழுவில் ஒருத்தர் கட்டாமல் விட்டிருப்பார். சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். படித்து வேலைக்குப் போகிற பிள்ளை திருப்பிக் கட்டுவதற்குத்தான் கல்விக் கடன். அதை அப்பாவின் பழைய தவணையை வைத்து அளப்பது எப்படிச் சரியாகும்? மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. பெற்றோரின் சிபிலைக் காட்டி மறுக்கக் கூடாது என்று அதற்கு முன்பே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கேரளத்துத் தீர்ப்பு, இங்கே செல்லாது என்பார்கள். சரி, அதையாவது எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மேலே கேட்டுக்கொள்கிறோம்.

அடமானமும் அப்படித்தான். மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை மார்ஜின் பணமும் (நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கிடையாது, அடமானமும் கிடையாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 2015-லிருந்து மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. பணம் திரும்பி வராவிட்டால் 75 சதவீதம் வரை அந்த நிதி ஈடு செய்யும். இதற்குப் பிறகும், “வீட்டுப் பத்திரம் இருக்கா?” என்று கேட்கிற கிளைகள் இருக்கின்றன. பத்திரம் இல்லை என்றதும் பேசாமல் எழுந்து வந்துவிடுகிற அப்பாக்களும் இருக்கிறார்கள்.

தளத்தில் பதிவு செய்வதும் சுலபமாக இல்லை. ஒரே ஆளின் பெயர் ஆதாரில் இன்ஷியல் இல்லாமல் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும், ரேஷன் கார்டில் இன்ஷியல் முன்னால் நிற்கும். மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் அப்பா பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கும். வங்கியில் இதைப் பார்த்து, “இவரும் அவரும் ஒரே ஆள்னு அபிடவிட் வாங்கிட்டு வாங்க” என்பார்கள். ஓடிபி போகிற எண் துபாயில் இருக்கும் சித்தப்பாவுடையது. அவர் வேலையிலிருந்து அறைக்கு வரும்வரை இங்கே குடும்பமே காத்திருக்கும். அதற்குள் தளம் லாக்-அவுட் ஆகிவிடும். எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். இதெல்லாம் எங்களால் சமாளிக்க முடிகிற சிரமம். இவ்வளவும் முடித்துப் போகிற குடும்பத்தை ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்புவதுதான் மனசை உறுத்துகிறது.

புதிதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2015-லிருந்து இருக்கும் வித்யாலட்சுமி தளம் வேறு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் வேறு. பழைய தளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். புதிய திட்டம் தரவரிசைப்படி தேர்வான கல்லூரிகளுக்கு மட்டும். தொடங்கியபோது அந்தப் பட்டியலில் 860 கல்வி நிறுவனங்கள் இருந்தன. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால், “உங்க காலேஜ் லிஸ்ட்ல இல்லை, லோன் கிடைக்காது” என்று கிளையில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத கல்லூரிக்குப் பழைய மாதிரித் திட்டத்தில் கேட்கலாம் என்பதைச் சொல்வதில்லை. பட்டியலில் இல்லை என்று கேட்டதும் கடனே கிடையாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கடன் கிடைத்தவர்களுக்கும் கணக்கை யாரும் விளக்குவதில்லை. நான் ரஃப் நோட்டில் எழுதிக் காட்டுவேன். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அதுவரை தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்து 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக 1.40 லட்சம் சேர்ந்து, தவணை தொடங்கும்போது கடன் 5.40 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். படிக்கும்போதே மாதா மாதம் வட்டியைக் கட்டிவந்தால் (முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான், பிறகு வருடா வருடம் கூடும்) அசல் 4 லட்சத்தோடு நிற்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் சலுகையும் மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படிப்பவர்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் 2009-லிருந்து இருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளிலேயே ஒரு தாளில் இதை எழுதிக் கொடுத்தால், ஐந்து வருடம் கழித்து, “நாலு லட்சம்தானே வாங்கினோம்?” என்று பதறிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

வங்கிக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிளையில் ஆள் குறைவு. பழைய கல்விக் கடன்கள் நிலுவையில் கிடக்கின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் நன்கொடை கொடுத்துச் சேர்ந்துவிட்டு அதற்கும் கடன் கேட்கிறவர்கள் உண்டு. மறுக்க நியாயமான காரணம் இருக்கவே செய்யும். இருந்தால் அதை எழுதுவதில் என்ன சிரமம்? என் மகள் நர்சிங் படித்தது கல்விக் கடனில்தான். அப்போது இருந்த மேலாளர் விண்ணப்பத்தை வாங்கியதும் நகலின் ஓரத்தில் தேதி போட்டு, முத்திரை வைத்து, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு சான்று வேண்டும் என்றபோதும் அந்த நகலிலேயே எழுதிக் கொடுத்தார். கடன் கிடைத்தது, மகள் வேலைக்குப் போனாள், கட்டி முடித்தாள். அந்த மேலாளருக்கும் கிளையில் ஆள் குறைவாகத்தான் இருந்தது.

எழுத்தில் மறுப்பு இருந்தால் போக வேண்டிய வழி இருக்கிறது. முதலில் வங்கிக்கே புகார் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் போகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, “பேங்க்ல என்ன பதில் கொடுத்தாங்க?” என்பதுதான்.

மாவட்ட ஆட்சியர்களிடம் நான் கேட்பது இதுதான். முகாமில் வாங்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண்ணும் தேதியும் போட்ட சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கிளைக்குப் போகிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். கல்விக் கடன் விண்ணப்பத்தை 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மாதிரித் திட்டமே சொல்கிறது. அந்தத் தேதி தாண்டியவற்றை முன்னோடி வங்கி மேலாளர் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கட்டும். மறுத்தவற்றின் காரணங்களையும் வங்கிகளோடு நடத்தும் அடுத்த கூட்டத்தில் வையுங்கள்.

அதுவரைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். கிளையில் வாயால் மறுத்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். “இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள கல்விக் கடன் விண்ணப்பத்தோடு வந்தேன். இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள். அதை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு தாளில் எழுதி, கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதே தாளை ஸ்பீடு போஸ்ட்டில், கொண்டுசேர்த்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். வங்கிக்குக் கொடுக்கும் இந்தத் தாளை என் மையத்தில் காசு வாங்காமல் அச்சடித்துக் கொடுக்கிறேன். மற்ற இ-சேவை மையக்காரர்களும் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த முகாமுக்குப் போகும்போது எத்தனை கோடி வழங்கினார்கள் என்பதோடு, போன முகாமில் வாங்கிய விண்ணப்பங்களில் எத்தனை மறுக்கப்பட்டன, எத்தனை பேருக்கு எழுத்தில் காரணம் கொடுத்தார்கள் என்று கேட்டு, அதையும் அதே செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்