கெர்னல் நினைவகத்துக்கு வரம்பு வையுங்கள்: சேவையக நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் சேவையகத்தில் ஓடும் எங்கள் தரவுதளம் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். முந்தைய இரு முறை நான் அனுப்பிய புகார்களும் உங்களிடம் இருப்பதால், இம்முறை அந்த இரவில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட சேவையகத்தில் ஓடிக்கொண்டிருந்த எல்லா ப்ராசஸ்களும் (இயங்கும் நிரல்களும்) எடுத்த நினைவகத்தைக் கூட்டிப் பார்த்தால் 8 ஜிகாபைட்கூட வரவில்லை. ஆனாலும் நினைவகத்தில் இடமில்லை என்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எங்கள் தரவுதளத்தை நிறுத்தியது. விடியும்வரை நான்கு முறை அதை மீண்டும் இயக்கினேன். ஒவ்வொரு முறையும் தரவு மீட்பு முடியும் தறுவாயில் மறுபடி விழுந்தது. கணக்கில் வராத நினைவகத்தைத் தேடியபோதுதான், டிசிபி சாக்கெட்டுகள், அதாவது வலை இணைப்புகளின் முனைகள், 18 லட்சம் நினைவகப் பக்கங்களைப் பிடித்து வைத்திருப்பதைக் கண்டேன். ஒரு பக்கம் 4096 பைட் என்பதால், அது ஏறத்தாழ 7 ஜிகாபைட்.

அவற்றில் பெரும்பகுதி, பயனர்களுக்கும் சேவைகளுக்கும் இடையில் தரவைக் கடத்தும் உங்கள் இடைநிலை நிரலான ப்ராக்ஸியினுடையது. ஒரு சாக்கெட்டின் அனுப்பு பஃபர் (அனுப்பவேண்டிய தரவு காத்திருக்கும் இடம்) 4 மெகாபைட்வரை வளரலாம் என்ற இயல்பான அமைப்பில், மெதுவாகப் பெறும் இரண்டாயிரம் இணைப்புகள் சேர்ந்தால் 8 ஜிகாபைட்வரை போய்விடும். இந்தப் பஃபர்கள் கெர்னலுக்குள் இருப்பதால் ப்ராசஸ் பட்டியலில் ப்ராக்ஸி மிகச் சிறியதாகத் தெரிகிறது. நினைவகம் தீரும்போது எந்த ப்ராசஸை நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லரும் அவற்றைப் பார்ப்பதில்லை. நினைவகத்தைத் தின்றது தப்பிக்கிறது, பெரிதாகத் தெரியும் தரவுதளம் பலியாகிறது.

வரம்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் எழுதியிருந்தீர்கள். அதையும் பார்த்தேன். எல்லா டிசிபி சாக்கெட்டுகளும் சேர்ந்து எடுக்கும் நினைவகத்தை மூன்று எண்களால் கட்டுப்படுத்தும் டிசிபி-மெம் அமைப்பில், உச்ச வரம்பான மூன்றாவது எண்ணாக 6291456 இருக்கிறது. ஒரு சாக்கெட்டின் பெறும் பஃபருக்கான டிசிபி-ஆர்மெம் அமைப்பில் அதே எண் 6 மெகாபைட்டைக் குறிக்கும், ஏனெனில் அங்கே கணக்கு பைட்டில். டிசிபி-மெம் பக்கங்களில் எண்ணப்படுவது. அங்கே அது 24 ஜிகாபைட். சேவையகத்தில் இருப்பதைவிடப் பெரிய வரம்பை வரம்பு என்று எப்படி ஏற்பது?

ஒவ்வொரு முறையும் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதே உங்கள் அறிவுரை. கூட்டினால் ப்ராக்ஸி அதையும் எடுத்துக்கொள்ளும். இந்தச் சேவையில் எந்தக் கோளாறுக்கும் காரணத்தைத் தேடாமல் அளவைக் கூட்டச் சொல்வதே வழக்கமாகிவிட்டது என்ற மனக்குறை எனக்கு உண்டு. கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். அந்த இரவின் களைப்பு இன்னும் போகவில்லை.

நான் கேட்பது வரம்பு ஒன்றே. டிசிபி-மெம் அமைப்பின் மூன்றாவது எண்ணை 524288 பக்கங்களாக, அதாவது 2 ஜிகாபைட்டாகக் குறைத்து, மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்துங்கள். ப்ராசஸ்களைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் கெர்னல் வசதியான சிகுரூப்பில் ப்ராக்ஸியைத் தனியாக வைத்து அதற்கு உச்ச நினைவகம் குறியுங்கள். இரண்டாம் பதிப்பு சிகுரூப் சாக்கெட் பஃபர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கும். அடுத்த பராமரிப்பு நேரத்திலேயே இவற்றைச் செய்து, மாற்றிய எண்களை எங்களுக்கும் தெரியப்படுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேவையகத்தில் தரவுதளம் நடத்தும் ஒருவர்