18 வயதுக்கு அப்புறம்

சேலம்,
மார்கழி முதல் வாரம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு வேலை மூச்சுவிட விடவில்லை. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால்தான் படியேறும்போது தகராறு செய்கிறது. வயதாகிறது என்று சொல்லி ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர். உன் மகள் வேலைக்குச் சேர்ந்த சேதி படித்து சந்தோஷம். முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தாள் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே!

சரி, உன் அக்கா மகன் விஷயம். 18 முடிந்ததும் "இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வயது வரைதான். அதை வைத்துத்தான் எல்லோரும் கதவைச் சாத்துகிறார்கள். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு முதியோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. 18 வயதைப் பிடித்துக்கொண்டவர்கள் 18ஆம் பிரிவைப் படிப்பதே இல்லை என்பது வேடிக்கைதான்.

நானும் நீயும் சிறப்புக் கல்வி டிப்ளமோ படித்தபோது நமக்குச் சொல்லிக் கொடுத்தது முழுக்கக் குழந்தைகளைப் பற்றி. வளர்ந்த மாணவரை என்ன செய்வது என்று ஓரிரு பக்கம் இருந்திருக்கும், அதுவும் மெழுகுவர்த்தி, பேப்பர் கவர் என்று முடிந்திருக்கும். இங்கே எங்கள் பள்ளியில் 18 தாண்டியவர்களையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு நான் பார்த்தது வேறு. அறிவு வளர்ச்சி தாமதமான நம் பிள்ளைகளில் பலருக்கு 19, 20 வயதில்தான் விஷயம் பிடிபடவே தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து நாம் கையை விடுகிறோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மகன் இங்கே படிக்கிறான். பேர் வேண்டாம். வயது 23. ஆறு வயதிலிருந்து அவனுக்கு வட்டம், சதுரம், சிவப்பு, பச்சை, ஒன்று முதல் இருபது. மீசை முளைத்த பிறகும் அதே அட்டைகள்! அட்டையை எடுத்தாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். நியாயம்தானே? உன்னை இப்போது அணில் பாட்டுப் பாடச் சொன்னால் நீ என்ன செய்வாய்?

அவன் அப்பாவிடம் பட்டறையில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன். கம்பி இழுப்பது, வளையம் கோப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று அடுக்கினார். நெருப்புக்குப் பயந்து பையனை அந்தப் பக்கமே விட்டதில்லையாம். நெருப்பு இல்லாத வேலை ஏதாவது இருக்கிறதா என்றதும் யோசித்தார். சலங்கை மணிகளை எண்ணிப் பிரித்து வைப்பது. ஆனால் இவனுக்குத்தான் எண்ண வராதே! எங்கள் தச்சரிடம் சொல்லிப் பல்லாங்குழி மாதிரி பத்துக் குழி போட்ட ஒரு சின்னப் பலகை செய்தோம். குழிக்கு ஒரு மணி. பலகை நிறைந்தால் பத்து, கிண்ணத்தில் கொட்டிவிட்டு அடுத்தது. எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்ச நாளில் அப்பாவைவிடத் தவறில்லாமல் பிரித்தான்.

அப்புறம்தான் சண்டை வந்தது. அவனுக்குக் கூலி கொடுங்கள் என்றேன். "என் மகனுக்கு நானே கூலி கொடுக்கறதாங்க டீச்சர்?" என்று சிரித்தார். வெளியாள் செய்திருந்தால் கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று விடாமல் கேட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் பத்து ரூபாய்த் தாள்களாகக் கொடுக்கிறார். காசு கையில் வந்ததும் கணக்குக்கு ஆசை வந்துவிட்டது. சில்லறைக் கணக்கை நான் தொடவே இல்லை. விலையில் பத்து எத்தனை இருக்கிறதோ அதைவிட ஒரு பத்து கூடக் கொடு, மீதியை வாங்கிக்கொள், அவ்வளவுதான். 35 ரூபாய் என்றால் நான்கு பத்து. 42 என்றால் ஐந்து. தட்டுவடை செட் கடையில் அவனே வாங்கி, அவனே நின்று தின்றுவிட்டு வருகிறான். எனக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கத் தோன்றுவதில்லை, அது வேறு விஷயம்.

பஸ்ஸுக்கு நாம் படித்த பின்னிருந்து கற்பிக்கும் முறைதான் கை கொடுத்தது. கடைசிப் படியை முதலில் விடுவது. பள்ளிக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி வாசல் வரை நடப்பதை மட்டும் முதலில் அவனிடம் விட்டோம். அது பழகியதும் எங்கே இறங்குவது என்பது. பிறகு எந்த பஸ் என்பது. பழைய பஸ் ஸ்டாண்டில் மாறி ஏறுவதுதான் பாடு. ஈரடுக்காகக் கட்டிய பிறகு எனக்கே அங்கே குழப்பம். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை என்று 2021இல் அரசு அறிவித்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. துணையாள் முதலில் பக்கத்து சீட்டில், அப்புறம் கடைசி சீட்டில், அதற்கும் அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில். இப்போது யாரும் போவதில்லை. அவன் அம்மா மட்டும் வாசலில் நின்றுகொண்டு எனக்கு போன் போட்டபடி இருக்கிறார்.

கற்பவரைவிடச் சுற்றி இருப்பவர்களை மாற்றுவதுதான் கடினம், செல்வி. 22 வயதுப் பெண்ணை வீட்டில் எல்லோரும் "பாப்பா" என்றால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. பள்ளியில் ஆசிரியரும் "பாப்பா, கண்ணு" என்று கன்னத்தைத் தட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு வருகிறது, ஆசை வருகிறது, யாரைத் தொடவிடலாம் கூடாது என்று தெரிய வேண்டியிருக்கிறது. அந்தப் பாடம் என்றால் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். நான் எடுக்கிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே.

எங்கள் மாணவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் வகுப்பில் இன்னொரு தொல்லை. உதவிக்கு என்று ஓர் ஆசிரியரை மாணவரோடு ஒட்ட வைத்தால் மற்றவர்கள் அந்த மாணவரிடம் பேசுவதே இல்லை, அந்த ஆசிரியரிடம்தான் பேசுகிறார்கள். அதனால் எங்கள் உதவி ஆசிரியர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் தடுமாறினாலும் அவரிடம் போகிறார்கள். தமிழ் ஐயா தினமும் பாடத்தின் சாரத்தை ஐந்து வரியில் பெரிய எழுத்தில் கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போடுகிறார். எங்கள் மாணவர்களுக்காகத்தான் ஆரம்பித்தார். இப்போது பத்தாம் வகுப்பே அதைத்தான் நோட்டில் எழுதிக்கொள்கிறது. அறிவியல் ஆசிரியர் மட்டும் "போர்ஷனை யார் முடிப்பது?" என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவரும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட ஒரு பீரியட் கொடுக்காமல், ஒருங்கிணைந்த கல்வி என்று போர்டு மாட்டினால் யாருக்கு வரும் பொறுமை? தலைமையாசிரியை இந்தப் பருவத்தில்தான் அதை ஒதுக்கித் தந்திருக்கிறார்.

சனிக்கிழமைகளில் முடிந்தபோது ஏற்காட்டுக்குப் போகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து மேலே போனால் இப்போது நல்ல குளிர், காப்பிப் பழம் பறிக்கும் காலம். நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், முப்பது இருக்கும், பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. புத்தி மந்தம் என்று ஊரே சொல்லிவிட்டது. பழுத்த பழத்தையும் காயையும் பிரிப்பதில் கை வேகம், கண் அதைவிட வேகம். எடைக்குத்தான் கூலி, ஆனால் காசு அண்ணன் கைக்குப் போகிறது. என்ன படிக்கணும் என்று கேட்டேன். எழுத்துக் கேட்பாள் என்று நினைத்தேன். "எனக்கு எவ்வளவுன்னு தெரியணும்" என்றாள். தேதி கிழிக்கும் காலண்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரி கூடையை எடை போட்டதும் ஒரு கிலோவுக்கு ஒரு கோடு என்று அன்றைய தாளில் இழுத்துக்கொள்கிறாள். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று 2022இலிருந்து நடக்கிற எழுத்தறிவுத் திட்டத்தில் இவளைச் சேர்க்கச் சொல்லி அங்குள்ள தன்னார்வலரிடம் பேசி வருகிறேன். "இவளுக்கு வருமா" என்கிறார். கோடு போட்ட தாள்களைக் காட்டப்போகிறேன்.

உன் அக்காவிடம் சொல்ல வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். படிப்பு வேண்டுமென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14க்கு மேல் எந்த வயதிலும் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், தமிழிலேயே எழுதலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் தேர்வு எழுத ஒன்பது வாய்ப்பு. பாடம் பாடமாக முடிக்கலாம், சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழ் யாருக்கு வேண்டும், அவனுக்கா, உங்கள் வீட்டுக்கா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

அவன் சார்பில் முடிவெடுக்க ஒருவருக்குத் தரும் பாதுகாவலர் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். 18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், அம்மாவே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்டக் குழுவில் விண்ணப்பிக்கலாம். இங்கே ஒரு வங்கியில் அந்தத் தாள் இல்லாமல் கணக்கே தொடங்க முடியாது என்று ஓர் அம்மாவை அலையவிட்டார்கள். என்னைக் கேட்டால் அவசரப்படாதீர்கள். 2016 சட்டம், மாற்றுத்திறனாளிகள் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்க உரிமை உண்டு என்கிறது; குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவனோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையும் அதில் இருக்கிறது. முதலில் அவன் எதற்கெல்லாம் தானே கையெழுத்தோ ரேகையோ வைக்க முடியும் என்று பாருங்கள். முடிவெடுக்கும் உரிமையை ஒட்டுமொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வது சுலபம், திரும்பக் கொடுப்பதைத்தான் நான் பார்த்ததில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அக்காவையும் அவனையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு நாள் எங்கள் வகுப்பில் உட்காரட்டும். வருவதற்கு முன் அவன் ஒரு நாளில் தானாகச் செய்பவை, நீங்கள் அவனுக்காகச் செய்துவிடுபவை என்று இரண்டு பட்டியல் எழுதச் சொல். இரண்டாவது பட்டியல் நீளமாக இருக்கும், பரவாயில்லை, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ரயிலில் வந்தால் ஜங்ஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். தூத்துக்குடி மக்ரூன் மறந்துவிடாதே, போன முறை சாக்குச் சொன்னாய்.

அன்புடன்,
மல்லிகா